பரிசலில் கட்ட வேண்டிய கருவியை வீட்டுப் போனில் கட்டாதீர்கள்

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர்களுக்கு இணைய அழைப்பு ஆப் கட்டாயம் என்று முடிவெடுத்தவர்களுக்கு,

உங்கள் அலுவலகத்தின் பெயரை இங்கே போடவில்லை. போடாமலே இது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். நான் பென்னாகரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். தம்பி பரிசல் ஓட்டுகிறான், சித்தப்பா தோள்பட்டை ஒத்துழைத்த வரைக்கும் ஓட்டினார், ஊட்டமலையில் எங்கள் சொந்தத்தில் துடுப்புப் பிடிக்காத வீடு குறைவு. அடுத்த மாதம் முதல் அந்த ஆப் போனில் இல்லாதவருக்குச் சவாரி முறை கிடையாது என்று நீங்கள் ஆள் விட்டுச் சொன்னதிலிருந்து பரிசல்காரர்கள் போனைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்து "தம்பி, இதைக் கொஞ்சம் ஏத்திக் குடு" என்கிறார்கள். ஏற்றிக் கொடுக்கிறேன், அவர்கள் பிழைப்பு அதில் இருக்கிறதே. ஆனால் ஏற்றும்போது அது என்னென்ன கேட்கிறது, ஏற்றிய பிறகு என்னென்ன தின்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்கிறவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

பாதுகாப்புக்காக என்று சொன்னீர்கள். ஆற்றில் பாதுகாப்பு வேண்டாம் என்று எந்தப் பரிசல்காரரும் சொல்ல மாட்டார், அவர் உட்கார்ந்திருப்பதும் அதே பரிசலில்தானே. கர்நாடகத்தில் கபினி, கேஆர்எஸ் அணைகளைத் திறந்துவிட்டால், ஆற்று நீர்வரத்தை அளக்கிற பிலிகுண்டுலுவில் அளவு ஏறும், அங்கே ஏறினால் இங்கே ஐந்தருவி எது மெயின் அருவி எது என்று தெரியாதபடி பாறையெல்லாம் மூழ்கிப்போகும். 2018-லும் 2024-லும் லட்சம் கனஅடியைத் தாண்டி வந்ததை எல்லோரும் பார்த்தோம். அந்த மாதிரி நாட்களில் சவாரியே நிறுத்திவிடுகிறீர்கள், அது சரி. சிக்கல் அதற்கு முந்தைய நேரத்தில்தான். தண்ணீர் மெல்ல ஏற ஆரம்பிக்கும்போது, கரையில் இருப்பவருக்குத் தெரிந்த சேதி கோத்திக்கல் பக்கமோ மணல்திட்டிலோ இருக்கிற பரிசலுக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது என்பது உண்மையான கேள்வி. அதற்கு நீங்கள் கண்டுபிடித்த பதில்தான் எனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த இடத்தில் பரிசலில் உட்கார்ந்துகொண்டு யாராவது போனை எடுத்துப் பார்த்தீர்களா? இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை. அந்தக் கரை கர்நாடகம், சாமராஜநகர் மாவட்டம். பரிசல் கொஞ்சம் திரும்பினாலே போன் நம் பக்கத்துக் கோபுரத்தை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தைப் பிடிக்கும், கர்நாடகம் உங்களை வரவேற்கிறது என்று எஸ்எம்எஸ் வரும், இன்னும் கொஞ்சம் போனால் இரண்டுமே போய்விடும். தம்பியைச் சவாரியில் விட்டு, நான் கரையில் நின்று உங்கள் ஆப்பைச் சோதித்துப் பார்த்தேன். சின்னாறு துறையில் இருந்த வரைக்கும் குரல் கண்ணாடி மாதிரி தெளிவு. பாறைகளுக்கு நடுவே இறங்கியதும் எழுத்து எழுத்தாக உடைந்தது, அப்புறம் 'மீண்டும் இணைக்கிறது' என்கிற வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அதே இடத்திலிருந்து அவன் சாதாரணமாக என் நம்பருக்கு அடித்தான். இரைச்சல் இருந்தது, அருவிச் சத்தம் வேறு, ஆனால் "தண்ணி கலங்கி வருது, திரும்பறேன்" என்று அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. இந்த ஆற்றில் தேவைப்படுகிற செய்தி பெரும்பாலும் அவ்வளவு நீளம்தான்.

இது அதிர்ஷ்டம் கிடையாது, இதற்குக் காரணம் இருக்கிறது. ஆப்பில் பேசினால் குரலைப் பெரும்பாலும் 20 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கி, வினாடிக்கு 50 பொட்டலமாக இணையத்தில் அனுப்பும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் யாருக்குப் போகிறது, எந்த வரிசையில் என்று தலைப்பு எழுத வேண்டும், அது மட்டுமே 40 பைட், ஒரு பைட்டுக்கு எட்டு பிட். பெருக்கிப் பாருங்கள், பேச்சே இல்லாமல் வெறும் தலைப்புக்கு வினாடிக்கு 16 கிலோபிட் போகிறது. குரலுக்கு, ஓபஸ் மாதிரி நல்ல கோடெக் (குரலைச் சுருக்குகிற முறை) வைத்து 24 கிலோபிட் என்று எடுத்துக்கொண்டாலும் ஒரு திசைக்கு மொத்தம் 40. பழைய ஜி.711 என்றால் குரலுக்கே 64. பழைய 2ஜி அழைப்பில் குரலுக்கு 13 கிலோபிட் போதும், அதுவும் கோபுரம் அந்த அழைப்புக்கென்றே ஒதுக்கி வைத்த இடத்தில் போகும். 4ஜியில் சாதாரண அழைப்பும், அதாவது வோல்ட்இ, இணைய முறையில்தான் ஓடுகிறது, ஆனால் நிறுவனம் அதற்குத் தனிப் பாதை போட்டு முன்னுரிமை கொடுக்கிறது. ஆப்பில் பேசுகிற பேச்சுக்கு அந்த முன்னுரிமை இல்லை. அது மற்ற எல்லா டேட்டாவோடும் சேர்ந்து நிற்க வேண்டும்.

மற்ற எல்லா டேட்டா என்றால் என்ன? ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் விடுமுறை, ஆடிப்பெருக்கு. பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த கூட்டம் தொங்குபாலத்தில் நின்று அருவியை வீடியோ எடுத்து அங்கேயே ஏற்றிக்கொண்டிருக்கும். சிலர் பாட்டிக்கு அருவியை வீடியோ அழைப்பில் காட்டுவார்கள், தப்பே இல்லை, அதற்குத்தானே வந்தார்கள். அந்த நேரத்தில் உங்கள் ஆப்பின் எச்சரிக்கை அந்த வீடியோக்களுக்கு நடுவில் இடம் கேட்டுக்கொண்டு நிற்கும். கூட்டம் அதிகமான நாளில்தான் பரிசலும் அதிகம், ஆபத்தும் அதிகம், அன்றைக்குத்தான் இந்த ஆப் மிகவும் பலவீனமாக இருக்கும். இதை யாரிடமும் கேட்காமல் எப்படி முடிவெடுத்தீர்கள் என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

டேட்டாச் செலவு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். குரல் மட்டும் என்றால் பெரிய செலவு இல்லை, வினாடிக்கு 40 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரம் விடாமல் கேட்டாலும் 18 எம்பி. தின்பது வீடியோ. ஒவ்வொரு சவாரிக்கும் முன்னால் பயணிகள் லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பதை வீடியோ அழைப்பில் காட்ட வேண்டும் என்கிறீர்கள். ஓரளவு தெளிவான வீடியோவுக்கு வினாடிக்கு ஒரு மெகாபிட் என்று வைத்தால் நிமிடத்துக்கு ஏழரை எம்பி. அந்தப் பக்கம் ஆள் எடுக்கும் வரை காத்திருப்பது, படம் உறைந்து போய் மறுபடி அழைப்பது, "அந்த அக்கா பெல்ட்டைக் காட்டுங்க" என்று திருப்பிக் காட்டுவது எல்லாம் சேர்த்துப் பாருங்கள். பரிசல்காரர் போட்டிருப்பது தினம் ஒரு ஜிபி, ஒன்றரை ஜிபி பேக். அதே போனில் சாயங்காலம் பிள்ளை பாடம் பார்க்கும். பேக் தீர்ந்தால் வேகம் பெரும்பாலான திட்டங்களில் 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். 40 போதும் என்றாயே, 64-ல் ஓடாதா என்று கேட்பீர்கள். காகிதத்தில் ஓடும். நடப்பில் அந்த 64-க்குள் ஆப் அனுப்புகிற இருப்பிடம், வாட்சப்பில் வந்து குவிகிற காலை வணக்கப் படங்கள் என்று எல்லாம் நுழையப் பார்க்கும், குரல் மூச்சுத் திணறும்.

இந்தப் பணத்தை யார் தருவது என்று உங்கள் ஆளிடம் கேட்டோம். "எல்லார்கிட்டயும் நெட் இருக்குதே" என்றார். எல்லாரிடமும் இல்லை, ஐயா. வயதான பரிசல்காரர்களில் பட்டன் போன் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டும் தனியாகத் திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது, அடுத்த மாதமே நிறுவனங்கள் அப்படிப்பட்ட பேக்குகளைக் கொண்டுவந்தன. தேவையில்லாத டேட்டாவுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்கிற இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் அந்த உத்தரவு. என் கடையிலேயே அதைப் போட்டுக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இப்போது கடன் வாங்கி ஸ்மார்ட்போன் வாங்க வேண்டுமா? தண்ணீர் வரத்து கூடினால் சவாரி கிடையாது, கோடையில் தண்ணீர் வற்றினாலும் சவாரி குறைவு, நடுவில் கிடைக்கிற மாதங்களில் சம்பாதிப்பதுதான் வருடம் முழுக்க. அதில் ஒரு போனுக்குத் தவணை கட்டு என்கிறீர்கள்.

அப்புறம் ஈரக் கை. பரிசலுக்கு ஒரே துடுப்புதான், இரண்டு கையாலும் பிடித்துப் போட வேண்டும், விட்டால் பரிசல் தன் பாட்டுக்குச் சுற்ற ஆரம்பித்துவிடும். சாரல் அடித்துக்கொண்டே இருக்கும். தொடுதிரையில் தண்ணீர் பட்டால் அது விரல் எது துளி எது என்று குழம்பிவிடும், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் பாதி நேரம் தொட்டதே தெரியாது. ஆப்பில் பேச, திரையைத் திறந்து, குழுவுக்குள் போய், பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே பேச வேண்டும். நீரோட்டத்தில் அதைச் செய்து காட்ட உங்களில் யாராவது வாருங்கள், தம்பி அழைத்துப்போவான், காசு வேண்டாம். இருப்பிடத்தை எந்நேரமும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், சிக்னல் குறைவான இடத்தில் போன் அதிக சக்தி செலவழித்துக் கோபுரத்தைத் தேட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் மதியத்துக்குள் பேட்டரி இறங்கிவிடுகிறது. நிஜமாகவே ஆபத்து என்றால் 112-க்கு அடிக்கக்கூட போனில் உயிர் இருக்காது. சாதாரண அழைப்பாக 112-ஐ அழைத்தால் தன் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும் கிடைக்கிற வேறு கோபுரத்தைப் பிடிக்கப் பார்க்கும். ஆப்புக்கு அந்த வசதி கிடையாது.

இணைய அழைப்பை நம்பி உயிரை ஒப்படைக்கக் கூடாது என்பது நான் கண்டுபிடித்தது இல்லை. கடலில் பாய்மரப் படகிலும் மோட்டார் படகிலும் மாதக்கணக்கில் போகிறவர்கள் இதை எங்களுக்கு முன்னாலேயே அனுபவித்தவர்கள். 2003-ல் ஸ்கைப் வந்தபோது, செயற்கைக்கோள் போனில் நிமிடக் கணக்கில் காசு கொட்டியவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் அந்தக் காலத்து ஸ்கைப்புக்கு ஒரு குணம் உண்டு, நல்ல இணைப்பு உள்ள ஒருவருடைய கணினியையே முன்பின் தெரியாத மற்றவர்களுக்கு இடைவழியாக மாற்றிக்கொள்ளும். அதாவது நீங்கள் காசு கொடுத்த இணைப்பில் ஊரார் போக்குவரத்தும் கொஞ்சம் ஓடும். 2010 டிசம்பரில் அந்த இடைவழிக் கணினிகள் கொத்தாக விழுந்ததில் உலகம் முழுக்க ஸ்கைப் படுத்தது. 2011-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, அப்புறம் அந்த இடைவழிகளைத் தன் சர்வர்களுக்கு மாற்றியது, 2025 மே மாதம் கடையையே மூடிவிட்டது. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி வாட்சப்பும் பேஸ்புக்கும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் செத்துக் கிடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். வீட்டுக்குப் பேச இணைய ஆப், ஆபத்துக்கு விஎச்எஃப் ரேடியோ, அதில் ஆபத்து அழைப்புக்கான சேனல் 16. கடலோடிகள் இன்றைக்கும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய நிறுவனங்களின் ஆப்புகளே விழுகின்றன என்றால் நீங்கள் தேர்ந்தெடுத்த, யாரும் கேள்விப்படாத இந்த நிறுவனத்தின் சர்வர் விழுந்தால் யாரைக் கேட்பது? அவர்களுடைய உதவி எண்ணுக்கு நான் அடித்துப் பார்த்தேன், ஆங்கிலத்திலும் இந்தியிலும் எண் அழுத்தச் சொல்லிவிட்டு அதுவாகவே துண்டித்துக்கொண்டது.

இதெல்லாம் ஆற்றில் நடப்பது. எனக்கு இதைவிடக் கோபம் வந்தது கரையில்.

அந்த ஆப்பை ஏற்றும்போது அது கேட்கிற அனுமதிகளை வரிசையாகப் பார்த்தேன். மைக், சரி, பேசத்தானே போகிறார்கள். கேமரா, வீடியோ என்பதால் விட்டுவிடுவோம். இருப்பிடம், அதிலும் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று ஆண்ட்ராய்டே கொடுக்கிற வழியைத் தேர்ந்தெடுத்தால் ஒத்துக்கொள்வதில்லை, 'எப்போதும்' என்று மாற்றினால்தான் உள்ளே விடுகிறது. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி, எதற்கு? வங்கி ஓடிபி வருகிற இடம் அது. தொடர்புப் பட்டியல் முழுவதும், எதற்கு? பரிசல்காரர் பேச வேண்டியது உங்கள் கட்டுப்பாட்டு அறையோடும் சக பரிசல்காரர்களோடும். அவர் மச்சினி நம்பர் உங்களுக்கு எதற்கு?

இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஊட்டமலையில் போன் என்பது ஒரு ஆளுடையது இல்லை, வீட்டுடையது. பகலில் அவர் ஆற்றுக்கு எடுத்துப்போகிறார், சாயங்காலம் பிள்ளைகள் கையில், ராத்திரி மனைவி கையில். அந்தப் பட்டியலில் மகளிர் சுய உதவிக்குழுப் பெண்கள் எல்லோருடைய நம்பரும் இருக்கிறது, பள்ளிக்கூட டீச்சர் நம்பர், ஆஸ்பத்திரி நர்ஸ் நம்பர், கல்யாணம் பேசி முடிக்காத இடத்து நம்பர் வரைக்கும் இருக்கிறது. அவர்களில் ஒருவரும் உங்கள் ஆப்புக்குச் சம்மதம் சொல்லவில்லை. பரிசல்காரர் ஒரு தடவை 'அனுமதி' என்று தொட்டால் அத்தனையும் எங்கேயோ இருக்கிற ஒரு தனியார் சர்வருக்குப் போகிறது. அந்த நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கை முழுக்க ஆங்கிலம். நான் உட்கார்ந்து படித்தேன். அழைப்புகளைப் 'பயிற்சிக்காகவும் தரத்துக்காகவும்' பதிவு செய்யலாம், தகவலை 'வணிகக் கூட்டாளிகளோடு' பகிரலாம் என்று இருக்கிறது. இதை எந்தப் பரிசல்காரருக்காவது படித்துக் காட்டினீர்களா?

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் ஒரு உதாரணமே கொடுத்திருக்கிறார்கள், எங்களுக்காகவே எழுதினது மாதிரி இருக்கிறது. தொலைமருத்துவ ஆப் ஒன்று ஒரு பெண்ணிடம் சிகிச்சைக்கான தகவலோடு போனின் தொடர்புப் பட்டியலையும் சேர்த்துக் கேட்கிறது, அவரும் சரி என்கிறார். அப்படிச் சொன்னாலும் சிகிச்சைக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் சிகிச்சைத் தகவலுக்கு மட்டும்தான் செல்லும் என்கிறது சட்டம். சம்மதம் என்பது விரும்பிக் கொடுத்ததாக, விவரம் தெரிந்து கொடுத்ததாக, நிபந்தனை இல்லாததாக இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆப் இல்லாவிட்டால் முறை கிடையாது என்பது நிபந்தனை இல்லாமல் வேறு என்ன? அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது, தமிழ் அதில் இருக்கிறது. சட்டம் படிப்படியாகத்தான் அமலுக்கு வருகிறது என்று உங்கள் தரப்பில் ஒருவர் என்னிடம் சட்டம் பேசினார். இருக்கட்டும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டிலேயே சொல்லியாகிவிட்டது. அதற்கு எந்தப் படிக்கட்டும் கிடையாது.

இன்னொன்று நடந்துகொண்டிருக்கிறது, உங்கள் காதுக்கு வந்ததா தெரியவில்லை. அந்த ஆப்பில் பரிசல்காரரின் பெயர், படம், போன் நம்பர் மூன்றும் பயணிக்கும் தெரிகிறது. சோதனைக்காக என்று முதலில் சேர்ந்தவர்களின் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் வருகிறது. "அண்ணா நாளைக்குப் பரிசல் உண்டா" என்று கேட்பவர்கள் பரவாயில்லை. குடித்துவிட்டுக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ராத்திரி போன் மனைவி கையிலோ மகள் கையிலோ இருக்கும் என்று சொன்னேனே. பொம்பளைக் குரல் கேட்டதும் மறுபடி மறுபடி அடிக்கிறான் ஒருவன். அந்தப் பெண் என் கடைக்கு வந்து "நம்பரையே மாத்திக் குடுங்கண்ணா" என்றார். ஆதார், வங்கி, கேஸ் புத்தகம், குழுக் கடன் எல்லாம் அந்த நம்பரில்தான் இருக்கிறது, அதை மாற்றுவது எவ்வளவு அலைச்சல் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம்பரை மறைத்து அழைப்பை இணைப்பது ஒன்றும் புதிய வித்தை இல்லை, வாடகை கார் ஆப்புகள் பல வருடமாகச் செய்கின்றன.

பேச்சு பூட்டுப் போட்டுப் போகிறது, யாரும் கேட்க முடியாது என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். பதிவு செய்யலாம் என்று கொள்கையில் எழுதிவிட்டு இதையும் எப்படிச் சொல்கிறார்களோ, போகட்டும். பூட்டு உண்மையாகவே இருந்தாலும் யார் யாரை எத்தனை மணிக்கு எங்கிருந்து எவ்வளவு நேரம் அழைத்தார் என்பது சர்வருக்குத் தெரியும். சர்வரைத் தொடாமல் இரண்டு போனும் நேரடியாக இணைந்தால் ஒருவருடைய ஐபி முகவரி மற்றவருக்குத் தெரியும், வாட்சப்பே 2023-ல்தான் அதை மறைக்க ஒரு வசதி கொடுத்தது. உங்கள் ஆப்பில் அப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை.

இருப்பிடத்தை 'எப்போதும்' கேட்பதைப் பற்றி எங்கள் பெரியவர்கள் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தை நீங்கள் சிரித்துத் தள்ளக் கூடாது. வீரப்பன் காலத்தில் இந்தக் காட்டோர ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு, எங்கே போனாய், யாரைப் பார்த்தாய், அந்தக் கரையில் உனக்கென்ன வேலை என்ற கேள்விகள் என்ன செய்யும் என்று தெரியும். 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி பக்கத்தில் அந்தக் கதை முடிந்தது. கேள்வி கேட்கப்பட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இங்கே பலருக்கும் அக்கரையில் சொந்தம் உண்டு, பெண் கொடுத்திருக்கிறார்கள், எடுத்திருக்கிறார்கள். சோதனையில் சேர்ந்த ஒருவரிடம் சவாரி இல்லாத நாளில், "நேத்து சாயங்காலம் ஏன் அந்தப் பக்கம் இருந்தீங்க" என்று உங்கள் அறையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். கேட்டவர் சும்மாதான் கேட்டிருப்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இவருக்கு எப்படி வந்தது?

பரிசல் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றால் பரிசலில் கருவியைக் கட்டுங்கள். கடலுக்குப் போகிற மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரை, அதாவது படகு இருக்கிற இடத்தைச் சொல்லும் கருவியை, அரசே இலவசமாகப் பொருத்தித் தருகிறது. அது படகில் இருக்கும், மீனவர் வீட்டுக்குப் போனால் கூடவே போகாது, அவர் மனைவியின் போன் புத்தகத்தைப் படிக்காது. பரிசல் அளவுக்கு அவ்வளவு பெரிய கருவி வேண்டாம், தண்ணீர் புகாத சின்ன ஜிபிஎஸ் வில்லை போதும், சவாரி முடிந்ததும் துறையிலேயே கழற்றி வைத்துவிடலாம். பேசுவதற்கு வாக்கிடாக்கி. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் குறைந்த சக்திக் கருவிகளுக்கு 2018 முதல் லைசென்ஸே தேவையில்லை. வாங்கும்போது அந்த அலைவரிசைக் கருவிதானா என்று பார்த்து வாங்க வேண்டும், கண்டதையும் விற்கிறார்கள். பாறை இடுக்கில் அந்தச் சக்தி எவ்வளவு தூரம் எட்டும் என்று சோதித்துப் பார்க்கலாம், போதாவிட்டால் லைசென்ஸ் வாங்கிப் பெரிய ரேடியோ வைக்கும் அதிகாரமும் வசதியும் உங்களுக்கு இருக்கிறது. டேட்டா வேண்டாம், பேக் வேண்டாம், பெரிய பொத்தான், ஈரக் கையால் அழுத்தலாம், ஒருவர் பேசினால் அந்த எல்லைக்குள் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். எச்சரிக்கைக்கும் வழி இருக்கிறது. 2023-ல் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறி ஒரு சோதனைச் செய்தி வந்ததே, அது கோபுரத்திலிருந்து நேராக ஒலிபரப்பாவது. யார் நம்பரும் தேவையில்லை, இணையமும் தேவையில்லை.

ஆகவே நான் கேட்பது இவை, எங்கள் துறையில் பேசி ஒப்புக்கொண்டவர்கள் சார்பாகவும்தான். ஆப் இல்லாவிட்டால் முறை இல்லை என்ற உத்தரவை அடுத்த மாதம் பிறக்கும் முன்னால் திரும்பப் பெறுங்கள், வாயால் சொன்னதை வாயால் திரும்பப் பெறாமல் எழுத்தில் துறையில் ஒட்டுங்கள். விரும்புகிறவர் ஆப்பை வைத்துக்கொள்ளட்டும், ஆனால் அதிலும் தொடர்புப் பட்டியல், எஸ்எம்எஸ் இரண்டு அனுமதியையும் எடுத்துவிடச் செய்யுங்கள், இருப்பிடம் சவாரி நேரத்துக்கு மட்டும் இருக்கட்டும், பரிசல்காரர் நம்பர் பயணிக்குத் தெரியக் கூடாது. இதில் கடைசியானது இன்றைக்கே நடக்க வேண்டும், ஏற்கெனவே மாட்டிக்கொண்ட வீடுகள் இருக்கின்றன. இதுவரை அந்த சர்வருக்குப் போன தொடர்புப் பட்டியல்களை அழிக்கச் சொல்லி, அழித்ததற்கு அந்த நிறுவனத்திடம் எழுதி வாங்குங்கள். அவர்களோடு நீங்கள் போட்ட ஒப்பந்தத்தில் எங்கள் தகவலைப் பற்றி என்ன இருக்கிறது என்பதைத் தமிழில் வெளியிடுங்கள். தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவோம், மனு தயாராக இருக்கிறது.

லைஃப் ஜாக்கெட்டைக் கரையில் ஒரு ஆள் நின்று கண்ணால் பார்த்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டால் போதும், அந்த வீடியோ அழைப்பை விட்டுவிடுங்கள். தண்ணீர் ஏறும் எச்சரிக்கைக்கு, பிலிகுண்டுலு அளவு மாறியதும் எஸ்எம்எஸ்ஸும் சாதாரண அழைப்பும் போகிற ஏற்பாடு செய்யுங்கள், பட்டன் போனுக்கும் வருகிற மாதிரி. துறைக்குத் துறை வாக்கிடாக்கி அலுவலகச் செலவில் வாங்கிக் கொடுங்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் உள்ள நேரத்தில், பரிசல்காரர்களை வைத்துக்கொண்டு ஆப், சாதாரண அழைப்பு, வாக்கிடாக்கி மூன்றையும் சின்னாற்றிலிருந்து மணல்திட்டு வரைக்கும் ஒரே பரிசலில் வைத்துச் சோதியுங்கள். எந்த இடத்தில் எது கேட்டது, எது கேட்கவில்லை என்பதை எழுதி எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள். நாள் மட்டும் சொல்லுங்கள், தம்பி பரிசலோடு வருவான், நான் கடையை அடைத்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பென்னாகரத்திலிருந்து ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்காரன்